ஆஃப்னா போகலாம்

உக்காருங்க தம்பி. எத்தனை தடவை எந்திரிச்சு எட்டிப் பார்த்தாலும் இந்த வண்டி இப்ப கிளம்பாது. நம்மளை லூப்ல போட்டிருக்காங்க. லூப்னா ஒதுக்குப் பாதை. இது ஒத்தை லைன். எதிர்க்க ஒரு வண்டி வந்தா, ஏதாவது ஒண்ணு ஒதுங்கி நின்னுதானே ஆகணும்? இன்னைக்கு ஒதுங்குற முறை நமக்கு. இந்தப் பக்க ஜன்னல் வழியா தெரியுது பாருங்க, அதுதான் மெயின் லைன். எதிர் வண்டி அதுல வந்து நிக்கணும். முழு வண்டியும் உள்ளே வந்துருச்சுன்னு உறுதியாகணும். அப்புறம்தான் நமக்குச் சிக்னல். அதுவரைக்கும் சிவனேன்னு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

எப்படித் தெரியும்னா? ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் தம்பி நான். பேரு திருமேனி. இந்த லைன்ல நான் உக்காராத ஸ்டேஷன் கிடையாது. என் சர்வீஸ்ல ஒரு விபத்து கிடையாது. ஆடு அடிபட்டிருக்கு, மாடு அடிபட்டிருக்கு, அது என் தப்புல வராது.

எனக்கும் அவசரம்தான். உங்களை விட எனக்குத்தான் அவசரம். பதினோரு மணிக்கு மானாமதுரை ரிஜிஸ்தர் ஆபீஸ்ல என் மகளுக்குக் கல்யாணம். அய்ய, கையெல்லாம் குடுக்காதீங்க. நடத்தப் போகல. நிறுத்தப் போறேன்.

ஒரே மக. செண்பகவல்லி. கணக்குல எம்.எஸ்ஸி. படிச்சவ. வயசு முப்பத்திமூணு. பார்த்தீங்களா, நீங்களும் வாயைப் பிளக்கிறீங்க. எல்லாரும் இதைத்தான் செய்றாங்க. முப்பத்திமூணு வயசு வரைக்கும் ஏன் வீட்டுல வச்சிருக்கேன்னு கேக்குறாங்க. நான் எங்க தம்பி வச்சிருக்கேன்? லைன் கிளியர் கிடைக்காம வண்டியை அனுப்ப மாட்டேன், அம்புட்டுதான். அடுத்த ஸ்டேஷன்காரன் வாயால லைன் சும்மா இருக்கு, அனுப்புன்னு சொல்லணும். அதுவரைக்கும் மந்திரியே வண்டிக்குள்ள இருந்தாலும் என் ஸ்டேஷன்ல நின்னுதான் ஆகணும். நின்னிருக்காங்க. என்னை வையாத ஆள் கிடையாது. வையட்டும். உயிரோட இருந்துக்கிட்டுத்தானே வையுறான்?

வந்த மாப்பிள்ளை எல்லாத்தையும் நான் விசாரிச்சேன். ஒருத்தனோட தாய்மாமன் குடிகாரன். ஒருத்தன் வீட்டுல கிணத்துக்குக் கைப்பிடிச் சுவரே இல்ல, ராத்திரி தண்ணி எடுக்கப் போனா என்ன ஆகும்? ஒருத்தன் பேசறப்ப கண்ணைப் பார்க்கல. இன்னொருத்தன் ரொம்பப் பார்த்தான். நடுவுல சென்னையில ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டாங்க. அனுப்பல. ஊரு அப்படி இருக்கு தம்பி. நம்ம ஸ்டேஷன் ரோட்டுலயே ஒரு ஜெராக்ஸ் கடையில சேர்த்து விட்டேன். வீட்டு மாடியிலருந்து பார்த்தா கடை தெரியும்.

ஒரே ஒரு இடம் எனக்குத் திருப்தியா வந்துச்சு. ராஜபாளையம். பையன் மில்லுல சூப்பர்வைசர். துருவித் துருவி விசாரிச்சேன், ஒரு குத்தம் கிடையாது. சரின்னு ஒரு நல்ல நாள் பார்த்து, அவங்க அப்பாவுக்கு நானே போன் போட்டேன். "ஐயா, நம்ம பக்கம் ஆஃப் குடுத்துட்டேன்"னு சொன்னேன். அந்த மனுஷன், "அப்படிங்களா, சரிங்க, நீங்க யோசிச்சுத்தான் சொல்லியிருப்பீங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார். நான் பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்து, செண்பாவுக்குச் சேலை எடுத்து, வருவாங்க வருவாங்கன்னு உக்காந்திருந்தேன். ஒருத்தனும் வரல. விசாரிச்சா ஆவணியிலேயே அந்தப் பையனுக்கு வேற இடத்துல கல்யாணம் முடிஞ்சுருச்சு!

சிரிக்காதீங்க தம்பி. நீங்களும் அந்தக் கூட்டம்தானா? ஆஃப்னா என்ன அர்த்தம்? ரயில்வேயில ஆஃப்னா போகலாம். ஆன்னா நில்லு. அந்தக் காலத்துல கைகாட்டி மரம் இருந்துச்சுல்ல, கை நேரா நீட்டிக்கிட்டு இருந்தா ஆன், வண்டி நிக்கணும். கை இறங்கிருச்சுன்னா ஆஃப், வண்டி போகலாம். இப்ப கலர் விளக்கு வந்துருச்சு. அப்பவும் பேச்சு அதேதான். சிவப்பு ஆன். பச்சை ஆஃப். வெள்ளைக்காரன் காலத்துலருந்து இதுதான் சட்டம். நான் சொன்னது சரியான வார்த்தை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவன் வீட்டுல பொண்ணைக் குடுக்காம தப்பிச்சோம்னுதான் நான் நினைச்சேன். சௌந்தரம்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். சௌந்தரம் என் வீட்டுக்காரி. அவ அன்னைக்கு முழுக்க என்கூட பேசல. அதுக்கு முன்னாடி மட்டும் ரொம்பப் பேசிக்கிட்டு இருந்தாளான்னு கேட்டா, அதுவும் இல்ல.

இப்ப இந்தப் பய. பேரு இன்பராஜ். நம்ம லைனுக்குக் கரண்ட் போட வந்தப்ப வந்தவன். தலைக்கு மேல கம்பி போகுதுல்ல, அதை இழுத்துக் கட்டுற கூட்டத்துல ஒருத்தன். வேலை முடிஞ்சும் போகல. பராமரிப்புக்குன்னு இங்கேயே போஸ்டிங் போட்டுட்டாங்க. ஜெராக்ஸ் எடுக்க வருவான். ஒரு மனுஷனுக்கு எத்தனை ஜெராக்ஸ் தம்பி வேணும்? ஆதார் கார்டை மட்டும் ஒரு கட்டு எடுத்திருப்பான். மாடியிலருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்.

ஆனா ஒண்ணு, திருட்டுத்தனம் பண்ணல. ஒரு நாள் அவங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு, வெத்தலை பாக்கு, பழத் தட்டோட வீட்டுக்கு வந்துட்டான். அந்த அக்கா மரியாதையாப் பேசுச்சு. சாதி கீதின்னு ஒரு தகராறும் இல்ல, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான். நான் பார்க்கலாம்னு சொன்னேன். விசாரிச்சேன். குடி இல்ல. கடன் இல்ல. எந்தக் குத்தமும் இல்ல. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புச்சு. அப்படி ஒரு ஆள் இருப்பானா?

ரெண்டு வருஷம். நான் முடியாதுன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. ஸ்டேஷனுக்கு வெளிய, ஊர் தெரியுற தூரத்துல, சிவப்பு விளக்குல வண்டி நிக்கும் பாருங்க. உள்ளே இருக்கிறவனுக்கு பிளாட்பாரம் தெரியும், இறங்க முடியாது. அப்படி நிறுத்தி வச்சேன். பாதுகாப்புக்குத்தான். இருபத்தஞ்சாயிரம் வோல்ட் கம்பியில வேலை பார்க்கிறவன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மக கதி? இதைச் சொன்னா சௌந்தரம் ஒத்துக்க மாட்டேங்கிறா. "ரோட்டுல போறவனுக்கும்தான் ஆகும்"ங்கிறா. அப்புறம் இன்னொண்ணு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. செண்பா போயிட்டா வீட்டுல நானும் சௌந்தரமும் மட்டும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த வீடு எப்படி இருக்கும்னு நினைச்சா உடனே எந்திரிச்சு மாடிக்குப் போயிருவேன் தம்பி.

சரி, கதைக்கு வரேன். போன வாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். செண்பாதான் தோசை போட்டா. தட்டுல வச்சுட்டு, "அப்பா, இன்பராஜ் விஷயம் ஆஃப் ஆயிருச்சு"ன்னா. எனக்குக் காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. அடுப்புகிட்ட சௌந்தரம் கரண்டியைப் பிடிச்சபடியே நின்னுட்டா. என்னையே பார்க்கிறா. ரெண்டு பேரும் என்னையே பார்க்கிறாங்க. நான் என்ன சொல்லப் போறேன்னு. நான், "ரொம்ப சந்தோஷம்மா, உனக்கு எது நல்லதோ அதுதான் நடக்கும்"னு சொல்லி இன்னொரு தோசை கேட்டேன். செண்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நெசமாவாப்பா?"ன்னா. "நெசமாத்தான்மா"ன்னேன். பாவம், மனசு கஷ்டம் இருக்கும்ல, பழகின பழக்கத்தை விடறதுன்னா. மறுநாள் போய் அரைக் கிலோ அல்வா வாங்கிட்டு வந்து குடுத்தேன்.

அப்புறம் மானாமதுரையில கம்ப்யூட்டர் பயிற்சி, ரெண்டு நாள் தோழி வீட்டுல தங்குறேன்னா. போயிட்டு வாம்மான்னு நானே ஸ்டேஷனுக்கு வந்து ஏத்தி விட்டேன். சர்வீஸ்ல கொடி பிடிச்ச மாதிரி நின்னு கையை ஆட்டி அனுப்பி வச்சேன் தம்பி. எப்பேர்ப்பட்ட ஏமாத்து வேலை பாருங்க.

என்ன? நான் சொல்லிக் குடுத்த பாஷையிலதானே சொன்னாங்கிறீங்களா?

அது ஸ்டேஷனுக்குள்ள தம்பி. வீட்டுல தோசை தின்னுக்கிட்டு இருக்கப்ப ஆஃப்னா ஆஃப்தான். முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தானே எடுத்துப்பாங்க? ராஜபாளையத்துக்காரர் வேற விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க.

இன்னைக்குக் காலையில சேவுகன் போன் பண்ணினான். என்கிட்ட பாயிண்ட்ஸ்மேனா, தண்டவாளத்தை மாத்தி விடுறவனா இருந்தவன், இப்ப மானாமதுரையில இருக்கான். "சார், பாப்பாவைப் பார்த்தேன், அந்தக் கரண்ட்காரத் தம்பியோட. மாலையெல்லாம் வாங்கிட்டு, ரிஜிஸ்தர் ஆபீஸ், பதினோரு மணிக்கு"ன்னான். மேற்கொண்டு என்னமோ சொல்ல வந்தான். நான் கேக்கல. போனை வச்சேன், பையை எடுத்தேன், கதவைப் பூட்டினேன், வந்து வண்டியில ஏறிட்டேன்.

சௌந்தரமா? உள்ளதான் இருக்கா.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? வெளியதான் பூட்டியிருக்கேன். உள்ள கக்கூஸ் இருக்கு, தண்ணி இருக்கு, அடுப்பு இருக்கு, ஃபேன் ஓடுது. பின்வாசலுக்கும் பூட்டுதான். இதோ ரெண்டு சாவியும் என் பையில. இது கொடுமை இல்ல தம்பி, பழக்கம். ஸ்டேஷன்ல சிக்னல் போடற பலகை இருக்கு, அதுக்கு ஒரு சாவி உண்டு. மாஸ்டர் ரூமை விட்டு வெளிய போனா அந்தச் சாவியை எடுத்துக்கிட்டுத்தான் போகணும். எடுத்துட்டா எந்தப் பட்டனை எவன் அமுக்கினாலும் ஒரு பாயிண்டு நகராது. எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கும். அது எனக்கு அப்படியே வந்துருச்சு. அவ போனைக் கூடப் பிடுங்கலாம்னு பார்த்தேன். அது தப்புன்னு விட்டுட்டேன். நான் என்ன ராட்சசனா?

விட்டுட்டு வந்திருந்தா அவ என்ன செய்வா தெரியுமா? அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடுவா. எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கா. விடியறதுக்குள்ள தலைக்குக் குளிச்சுட்டு அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. வீடு முழுக்கப் பாயாச வாசனை. என்ன விசேஷம்னேன். ஒண்ணுமில்லேன்னா. நீங்க இன்னைக்கு வீட்டுலதானே இருப்பீங்கன்னு ரெண்டு தடவை கேட்டா. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்.

இருங்க, அவதான் கூப்பிடுறா. ம். சொல்லு. ஆமா, நான்தான் பூட்டினேன். ஆமா, தெரிஞ்சுதான். என்ன? நான் எதுக்கு வீட்டுக்கு வரணும்? யாரு வர்றா? எவன் வந்தாலும் நான் திரும்பி வந்து பார்த்துக்கிறேன். கதவு சாயங்காலம் திறக்கும். வை.

பாருங்க, என்னைத் திருப்பி இழுக்கப் பார்க்கிறா. இன்னைக்கு நீங்க வீட்டுல இருக்கணுங்க, வந்துருங்கன்னு கெஞ்சுறா. நானா ஏமாறுவேன்?

சத்தம் கேக்குதா? எதிர் வண்டி. நான் சொன்னேன்ல. சரியா மெயின் லைன்ல வரான். நல்லா மெதுவா, ஆட்டம் இல்லாம வரான். இங்கயே நிக்கும். அந்தப் பக்கமும் ஒரு சின்ன பிளாட்பாரம் இருக்கு. பார்த்தீங்களா, ஜன்னலுக்கு ஜன்னல் எவ்வளவு பக்கத்துல வருதுன்னு. எட்டினா அந்த வண்டிக்காரங்க தலையைத் தொட்டுரலாம் போல.

தம்பி.

தம்பி, அந்த ஜன்னல்ல பாருங்க. நமக்கு நேரா, ஒண்ணு தள்ளி. மஞ்சச் சேலை. என் மக.

ஏய்! செண்பா! எங்கடி போற? இங்க பாரு, இந்தப் பக்கம்! எங்க போற? என்ன? வீட்டுக்கா? எந்த வீட்டுக்கு? பதினோரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருக்க வேண்டியவ நீ! என்ன... நேத்தா? நேத்துப் பதினோரு மணியா?

நேத்தாம் தம்பி. நேத்தே முடிஞ்சுருச்சாம். கழுத்துல பாருங்க, புது மஞ்சக் கயிறு.

என்கிட்ட பேசாத. உங்கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணும் சரின்னு சொல்லல, நீ ஆஃப்னு சொன்ன! ஆஃப்னா... ஆஃப்னா என்னன்னு எனக்கே சொல்லித் தராத! அவன் யாரு பக்கத்துல, அவனை உள்ள போகச் சொல்லு. மாமாவா? யாரு உனக்கு மாமா? நேத்து வரைக்கும் சார்னு கூப்பிட்டவன்தானே நீ? என்னடி? ஆசீர்வாதமா? ரயில்லயா?

இறங்கி அந்த வண்டிக்கு வந்துருங்கங்கிறா தம்பி. சேர்ந்து வீட்டுக்குப் போவோம்ப்பா, உங்ககிட்ட சொல்லத்தான் வந்துக்கிட்டு இருந்தோம், அம்மா பாயாசம் வச்சிருக்குங்கிறா. எப்படி இறங்குறது? பிளாட்பாரம் இல்லாத பக்கமா இறங்குறது குத்தம். தண்டவாளத்தைக் கடக்கிறது அதை விடக் குத்தம். அவ்வளவு வருஷம் மத்தவனைப் பிடிச்சு அபராதம் போட்டவன் நான். நான் இறங்க மாட்டேன் செண்பா! நீ இறங்கி இங்க வா! வர மாட்டியா? அப்ப போ!

சாவியா? பூட்டினதை உங்க அம்மா போன்ல சொல்லிட்டாளா? சாவியெல்லாம் குடுக்க முடியாது. உள்ள இருந்தா என்ன, உங்க அம்மாதானே, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. கையை உள்ள எடு செண்பா. வண்டி எடுக்கப் போறான். கையை உள்ள எடும்மா!

எடுக்க மாட்டேங்கிறா. பாருங்க தம்பி. கம்பிக்கு நடுவுல கையை நீட்டிக்கிட்டே இருக்கா. சாவியைக் குடுங்கப்பா, அம்மா பாவம்ப்பாங்கிறா. வளையல் கூடப் புதுசு.

கிளம்பிட்டான்.

இன்னும் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கா.

கை இறங்கிருச்சு. போயிட்டா.

...

இல்ல தம்பி, தண்ணி வேணாம்.

அந்தக் காலத்துல ஒத்தை லைனுக்கு டோக்கன்னு ஒண்ணு உண்டு. இரும்பு உருண்டை. ஒரு பிரம்பு வளையத்துல பையோட கட்டித் தொங்கும். அது கையில இருந்தாத்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். நிக்காத வண்டின்னா நாங்க பிளாட்பாரத்துல நின்னு தூக்கிப் பிடிப்போம். வண்டி ஓடுற ஓட்டத்துல டிரைவர் வெளிய கையை நீட்டுவான். அவன் கையில கரெக்டா வளையத்தை மாட்டி விடணும். மழை, இருட்டு, எதுவா இருந்தாலும். நான் ஒரு தடவை கூடத் தவற விட்டதில்ல. நீட்டின கையை வெறுங்கையா அனுப்பினதே இல்ல தம்பி.

இந்தா பாருங்க, சாவி. பையிலருந்து எப்பவோ கையில எடுத்துட்டேன். என் உள்ளங்கையிலயே பதிஞ்சு போய் இருக்கு பாருங்க. இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கேன்.

எல்லாம் சேவுகன் பண்ணின வேலை. நேத்துன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னா அவன் வாய் வலிக்குமா? நான் ஏன் கேக்கலைன்னு நீங்க கேக்குறீங்க. சரி. ரயில்வேயில ஒரு செய்தி வந்தா வாங்கினவன் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்கணும்னு விதி இருக்கு. இருக்கு. அது டியூட்டி நேரத்துல.

விடுங்க. இப்ப நமக்கு ஆஃப் விழும். அந்தா, பார்த்தீங்களா, பச்சை! நான் சொன்னபடி விழுந்துருச்சா? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, திரும்புற வண்டி எதுன்னு பார்த்து, உடனே ஏறிருவேன். அவங்க போய்க் கதவு முன்னால நின்னுக்கிட்டு இருப்பாங்க. நான் போய்த்தான் திறக்கணும். திறக்கிறேன். என்ன செய்றது, திறந்துதானே ஆகணும். பாயாசம் வச்சிருக்காளே.

ஏன் கிளம்பல?

ஃபேன் நின்னுருச்சு. விளக்கும் போயிருச்சு. அடடா. கார்டு இறங்கி நடந்து போறாரு. சார்! சார், இங்க! நான் ரிட்டயர்டு எஸ்.எம். என்ன ஆச்சு? அப்படியா? எவ்வளவு நேரம் ஆகும்? சரி, சரி.

மயிலாம் தம்பி. முன்னால ஒரு கிலோமீட்டர்ல மயில் பறந்து போய்க் கம்பியில உக்காரப் பார்த்திருக்கு. ரெக்கை தூணுலயும் கம்பியிலயும் ஒரே நேரத்துல பட்டு, கரண்ட் போயி, கம்பியும் அறுந்து தொங்குதாம். ஆள் வந்து இழுத்துக் கட்டினாத்தான் வண்டி. இந்தப் பக்கத்துக்கு அந்த வேலை பார்க்கிற ஆள் யாருன்னு தெரியும்ல? லீவுல இருக்கான். கல்யாண லீவு. இப்பதான் நம்ம எதிர்க்க போனான், மாமான்னு கூப்பிட்டுக்கிட்டு.

இது டீசல் வண்டியா இருந்திருந்தா போயிருக்கும். பச்சை விழுந்தும் நகர முடியாம ஒரு வண்டியை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. முழுசாத் திறந்துதான் இருக்கா? சரி.

மணி என்ன? அவ்வளவு ஆயிருச்சா? அப்ப அவங்க ஊர் போய்ச் சேர்ந்திருப்பாங்க. ஸ்டேஷன்லருந்து நம்ம வீடு நடக்கிற தூரம்தான். கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருப்பாங்க இப்ப. சௌந்தரம் உள்ள, அவ வெளிய. நடுவுல என் பூட்டு. ஏழு லீவர் பூட்டு தம்பி, திண்டுக்கல்லுக்கு நேர்ல போய் வாங்கினது. அதை உடைக்கிறது லேசு இல்ல.

கூப்பிடுறாங்க. சௌந்தரம்தான்.

சொல்லு. சௌந்தரம், கேளு, நான் வந்துருவேன், இங்க கரண்ட் போயிருச்சு, வந்ததும் நானே... என்ன சத்தம் அங்க? சௌந்தரம்? என்னது? திருப்பிச் சொல்லு. சௌந்தரம், சரியாக் கேக்கல, திருப்பிச் சொல்லு!

வச்சுட்டா.

கொண்டியையே வெட்டிட்டானாம். கம்பி வெட்டுற கட்டர் ஒண்ணு அவன் ரூம்ல இருந்திருக்கு. பூட்டு அப்படியே பூட்டினபடி கீழ கிடக்குதாம். பின்னால செண்பா குரல் கேட்டுச்சு, அம்மா அந்தப் பையை நான் தூக்கிக்கிறேன்னு. எந்தப் பை? எதுக்குப் பை? நான் கேக்கிறதுக்குள்ள சௌந்தரம் சொல்லிட்டா. சத்தமாக் கூடச் சொல்லல. "ஏங்க, எனக்கு ஆஃப் ஆயிருச்சுங்க"ன்னா. அம்புட்டுதான் சொன்னா.

இதை எப்படித் தம்பி எடுத்துக்கிறது? போன்ல சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிருச்சுங்கிறாளா இருக்கும். இல்ல? நீங்க சொல்லுங்க. அவ ஸ்டேஷனுக்குள்ள வந்து பார்த்தது கூடக் கிடையாது. அவளுக்கு எங்க நம்ம பாஷை தெரியும்?

தெரியும். தெரியாம எப்படி இருக்கும்? கல்யாணம் ஆன நாள்லருந்து நான் வீட்டுல வேற பாஷை பேசினதே இல்லையே.

நீங்க உக்காருங்க தம்பி, எங்கயும் போயிராதீங்க. எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்க, அந்தச் சிக்னல் இன்னும் பச்சையாத்தான் இருக்கா? ஆஃப்லதான் இருக்குல்ல?

அப்ப போகலாம்னுதான் அர்த்தம். போகலாம்னுதான் தம்பி அர்த்தம்.